‘வீட்டில் கவனிக்கவும்’ என்று எழுதுவதை நான் ஏன் நிறுத்தினேன்

தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், படிப்பில் தடுமாறும் குழந்தைகளின் நாட்குறிப்பேட்டில் நான் திரும்பத் திரும்ப எழுதிய வாக்கியம் ஒன்று உண்டு: “வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறான்; வீட்டில் கவனிக்கவும்.” சிவப்பு மையில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டதும் என் பங்கு முடிந்துவிட்டதாக நம்பினேன். மறுநாள் காலையில் அதன் கீழே பெற்றோரின் கையெழுத்தும் இருக்கும். அந்த இரண்டு கையெழுத்துகளுக்கும் இடைப்பட்ட இரவில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. வேலை முடிந்து களைத்து வந்த ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் ஏழு வயதுக் குழந்தையை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்பது அந்தக் குழந்தைக்கு மட்டுமே தெரியும்.

கவனிப்பது என்றால் எதைக் கவனிப்பது? எழுத்துகளையா, வேகத்தையா, கண்ணையா, தூக்கத்தையா? எவ்வளவு நேரம்? தவறாகப் படித்தால் உடனே திருத்துவதா, விட்டுவிடுவதா? என் வாக்கியத்தில் இவற்றுள் எதற்கும் விடை இல்லை. பயிற்சி பெற்ற எனக்கே கைவராத ஒரு வேலையை, பயிற்சியே இல்லாத ஒருவரிடம், வழிமுறை எதுவும் சொல்லாமல் ஒப்படைத்துவிட்டு, அது நடக்காதபோது ‘வீட்டில் அக்கறை இல்லை’ என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டோம். அக்கறை இல்லாத வீடுகளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை மிகச் சில. வழி தெரியாத வீடுகளே ஏராளம். பள்ளியும் குடும்பமும் கைகோக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிற நாம், பெரும்பாலும் தவறவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

என்னை மாற்றியவர் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் தாய். அந்தச் சிறுவன் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கே திணறுவான். குறிலும் நெடிலும் குழம்பும். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அவன் முன்கழுத்தில் வியர்வை பூத்துவிடும். அழைத்து அனுப்பியதும் அவர் வந்தார். வகுப்பறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகும், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்தார். மகனின் நோட்டை மடியில் வைத்து, அதன் கசங்கிய மூலைகளைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். மதிப்பெண் பட்டியலை எடுக்கப்போன நான், அன்று ஏனோ அதை எடுக்காமல், “வீட்டில் அவன் எப்படி இருப்பான்? எதைச் செய்தால் சந்தோஷப்படுவான்?” என்று கேட்டேன்.

அவர் விரல் நின்றது. “ஒரு தடவ கதை சொன்னா போதும் டீச்சர், ஒரு வார்த்தை விடாம அப்படியே திருப்பிச் சொல்லுவான். அவன் தங்கச்சிக்கு தினமும் ராத்திரி அவன்தான் கதை சொல்லித் தூங்கவைக்கிறான். புஸ்தகத்தத் திறந்தா மட்டும்தான் வயித்த வலிக்குதுங்கறான்.”

ஆறு மாதமாக அவனுடன் தினமும் ஒரே அறையில் இருந்த எனக்கு, அவனுக்கு அப்படியொரு நினைவாற்றல் இருப்பது தெரியாது. வகுப்பில் அவன் வாயைத் திறப்பதே அரிது. ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் அவன் பெயரை எழுதியிருந்தேன். கேட்பதில் கூர்மையும் பேச்சில் சரளமும் உள்ள ஒரு குழந்தை, அச்சிட்ட எழுத்தின் முன்னால் மட்டும் தடுமாறுகிறது என்றால், அது சோம்பல் அல்ல, மந்தபுத்தியும் அல்ல; முறையாகப் பரிசோதிக்க வேண்டிய ஒரு குறி. அந்தக் குறி என் தேர்வுத் தாள்களில் இல்லை, அந்தத் தாயின் மூன்று வாக்கியங்களில் இருந்தது.

இது ஒன்றும் புதிய உண்மை அல்ல. இன்று டிஸ்லெக்சியா என்று நாம் அழைக்கும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளுள் ஒன்றை, பிரிட்டிஷ் மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 1896-இல் வெளியிட்டார். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிய குறிப்பு அது. அறிவுக்கூர்மை உடையவன், கணக்கில் தேறியவன். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதிவிட்டு, பிறர் சுட்டிக்காட்டும் வரை அதை உணராதவன். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே மிகக் கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் அதில் பதிவு செய்திருக்கிறார். குழந்தையை அன்றாடம் பார்த்துப் பழகும் ஒருவரின் சொல்லை, ஒரு மருத்துவர் சான்றாக மதித்து எழுதிவைத்தார் என்பதுதான் எனக்கு அந்தக் குறிப்பில் பிடித்தது. பள்ளியில் எங்களிடம் அதே மதிப்போடு கேட்கப்பட வேண்டிய சொல் தாய்தந்தையருடையது, பாட்டியுடையது, சில வீடுகளில் அக்காவுடையது.

கேட்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் கானி ஜூயல், 54 குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கியிருந்த குழந்தை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 88 சதவீதம் என்று கண்டார். சிறிய ஆய்வுதான், ஆனால் வகுப்பறையில் நாங்கள் காண்பதோடு அது பொருந்துகிறது. பெற்றோரின் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், ‘வளர வளரச் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பும் ஆசிரியர்கள் என்னோடும் பணியாற்றினார்கள். கடுமையாகப் பேசுவதைவிட இந்த இதமான பேச்சு அதிகக் கேடு செய்வதை நான் பார்த்திருக்கிறேன், ஏனெனில் அது பறிப்பது முதல் இரண்டு வகுப்புகளின் காலத்தை, அதாவது உதவி மிக எளிதாகப் பலிக்கும் காலத்தை. உள்ளதைச் சொல்ல வேண்டும், உடைக்காமல் சொல்ல வேண்டும், சொன்ன கையோடு நாளை முதல் பள்ளி என்ன செய்யப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சொல்லும் விதத்தில் எவ்வளவோ இருக்கிறது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு படபடக்கும் பெற்றோர் பலர். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையிலான உரையாடலை விரிவாக ஆராய்ந்த சாரா லாரன்ஸ்-லைட்ஃபுட், பேசும் இருவருடைய பழைய பள்ளி நினைவுகளும் ஆவிகளைப்போல அந்த அறைக்குள் வந்துவிடுகின்றன என்று காட்டுகிறார். அந்தத் தாய் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்ததற்கு எனக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் கிடைக்கவில்லை. எப்போதோ இதேபோன்ற ஓர் அறையில் முட்டிபோட வைக்கப்பட்ட ஒரு சிறுமியும் அவருக்குள் உட்கார்ந்திருந்தாள். அதனால், கல்வியாண்டின் முதல் இரண்டு வாரங்களுக்குள், எந்தக் குறையும் சொல்லாத ஒரு தொலைபேசி அழைப்பை ஒவ்வொரு வீட்டுக்கும் செய்துவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். “இன்று உங்கள் மகள் புதிதாக வந்த குழந்தைக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்றால், மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இருக்காது. பிறகு ஒரு பெருமூச்சு கேட்கும். பின்னாளில் கடினமான செய்தியைச் சொல்ல நேரும்போது அந்த முதல் அழைப்புதான் தாங்கிப் பிடிக்கிறது.

மற்றவை சிறியவை என்றாலும் விட்டுவிடக் கூடாதவை. மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர், இந்தப் பக்கம் பெற்றோர் என்று உட்காராமல், குழந்தையின் நோட்டை நடுவில் வைத்து ஒரே பக்கமாக உட்கார வேண்டும். பெற்றோரின் வேலை நேரத்தைக் கேட்டறிந்து நேரம் குறிக்க வேண்டும், வர முடியாதவரிடம் தொலைபேசியிலேயே பேசிவிட வேண்டும். பள்ளியின் மொழி தெரியாத பெற்றோரிடம் பேசும்போது, தடுமாறும் அந்தக் குழந்தையையே மொழிபெயர்க்க வைப்பதை ஒருபோதும் செய்யக் கூடாது.

இனி வீட்டில் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். “நான் படிக்காதவ டீச்சர், நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க முடியும்?” என்று அந்தத் தாய் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆறுதல் சொல்லி அனுப்பாமல் சான்றோடு பதில் சொல்ல முடியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லண்டனின் ஹாரிங்கே பகுதியில் டிசார்ட், ஸ்கோஃபீல்ட், ஹியூவிசன் ஆகிய மூவர் நடத்தி 1982-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதிக் குழந்தைகள் பள்ளி கொடுத்தனுப்பும் புத்தகத்தை வீட்டில் பெற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியரின் உதவி தரப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வீட்டில் படித்துக் காட்டிய குழந்தைகள் தெளிவான முன்னேற்றம் கண்டிருந்தார்கள். கூடுதல் ஆசிரியர் உதவி பெற்றவர்களிடம் அதற்கு ஈடான முன்னேற்றம் இல்லை. அந்தப் பெற்றோர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஆங்கிலம் பேசாதவர்களும் இருந்தார்கள். அது தடையாக இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு ஒருவர் இருப்பதே ஒரு குழந்தையைப் புத்தகத்தின் முன் நிலைநிறுத்துகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, கேட்டாலே போதும் என்று பள்ளிகள் நிம்மதியடைந்துவிடக் கூடாது. கனடாவைச் சேர்ந்த மோனிக் செனெஷாலும் லாரா யங்கும் 1,340 குடும்பங்களை உள்ளடக்கிய 16 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியிட்ட முடிவு இன்னும் நுட்பமானது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையான குழந்தைகளிடம், பெற்றோர் புத்தகம் படித்துக் காட்டுவதைவிட, குழந்தை படிப்பதைப் பெற்றோர் கேட்பது வாசிப்புத் திறனுக்கு அதிகம் உதவியது. அதைவிடவும் இரு மடங்கு பலன் தந்தது, எழுத்து, ஒலி போன்ற குறிப்பிட்ட திறன்களைக் கற்றுக்கொடுக்கும் முறையில் பெற்றோருக்கே பயிற்சி அளித்தபோது. அதாவது, ‘படிக்க வையுங்கள்’ என்று சொல்லி அனுப்பிய பள்ளிகளைவிட, எப்படிப் படிக்க வைப்பது என்று உட்கார வைத்துச் செய்து காட்டிய பள்ளிகளே குழந்தைக்கு அதிகம் உதவியிருக்கின்றன. கதை படித்துக் காட்டுவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சொல்வளத்துக்கும் வீட்டில் புத்தகத்தோடு ஏற்படும் நேசத்துக்கும் அது தேவை. எழுத்தில் தடுமாறும் குழந்தைக்கு அது மட்டும் போதாது.

எழுதப் படிக்கத் தெரிந்த வீடுகளுக்கு நான் செய்து காட்டும் முறை, பிரிட்டனின் ரோஜர் மார்கன் (முன்பு சொன்ன மருத்துவர் மார்கன் அல்ல) 1970-களில் வகுத்து, கீத் டாப்பிங் 1980-களில் பள்ளிகளில் பரப்பிய இணை வாசிப்பு. செய்முறை மிக எளிது. குழந்தை தனக்குப் பிடித்த புத்தகத்தை எடுத்து வரட்டும். இருவரும் ஒரே நேரத்தில், குழந்தையின் வேகத்துக்கு ஏற்ப, சேர்ந்து உரக்கப் படிக்க வேண்டும். தனியாகப் படிக்கத் துணிவு வந்ததும் குழந்தை பெரியவரின் கையில் ஒரு தட்டுத் தட்டும்; உடனே பெரியவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தை ஒரு சொல்லில் இடறினால் நான்கைந்து விநாடி காத்திருந்து, சரியான சொல்லை மட்டும் சொல்லி, குழந்தையைத் திருப்பிச் சொல்ல வைத்து, மறுபடியும் சேர்ந்து படிக்கத் தொடங்க வேண்டும். ‘இது கூடத் தெரியாதா’ என்பதற்கு இதில் இடமே இல்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். பெற்றோரை வகுப்பறைக்கே வரவழைத்து, முதலில் நான் ஒரு குழந்தையோடு செய்து காட்டிவிட்டு, பிறகு அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்ப்பேன். நான்கைந்து விநாடி காத்திருப்பதுதான் எல்லோருக்கும் கடினம். ஒரு தந்தை உதடுகளை இறுக்கிக்கொண்டு, மனதுக்குள் எண்ணுவது வெளியே தெரியும்படி காத்திருந்தார். நான்காவது விநாடியில் அவர் மகள் அந்தச் சொல்லைத் தானே சொல்லிவிட்டாள். சட்டென்று நிமிர்ந்து அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அதே பத்து நிமிடத்தை வேறு விதமாக வகுத்துக்கொண்டோம். தங்கைக்கு அவன் சொல்லும் கதையை மறுநாள் பள்ளியில் என்னிடம் சொல்வான். அவன் சொற்களிலேயே நான்கு வரிகளாக எழுதிக் கொடுப்பேன். அன்றிரவு அந்த நான்கு வரிகளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவான். மனப்பாடமாகச் சொல்கிறானா படிக்கிறானா என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றவற்றைக் கையால் மூடி, அது என்ன என்று கேட்கும்படியும், கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிக்கச் சொல்லும்படியும் அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். படித்த நாளில் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார், அழுத நாளில் ஒரு கோடு. கோடுகள் மூன்று சேர்ந்து வந்தால் நான் பாடத்தை எளிதாக்க வேண்டும் என்பது எங்களுக்குள் உடன்பாடு. பல ஆண்டுகள் நான் பெற்றுக்கொண்ட எந்தக் கையெழுத்தும் எனக்கு இவ்வளவு செய்தி சொன்னதில்லை.

கணக்குக்கும் இதே கொள்கைதான்: ஒரு சிறிய பயிற்சி, செய்து காட்டப்பட்ட முறை, திரும்பி வரும் செய்தி. வீட்டில் ஒரு முறையும் பள்ளியில் வேறொரு முறையுமாகக் கழித்தலைச் சொல்லிக்கொடுத்து ஒரு குழந்தையைக் குழப்பாமலிருக்க, பள்ளியின் முறையைப் பெற்றோருக்குக் காட்டிவிடுவது நல்லது. வீட்டுப்பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டி அழுகையில் முடியும் என்றால், அந்த இடத்தில் நிறுத்தி ‘இதுவரை முடிந்தது’ என்று எழுதி அனுப்பலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அனுமதியைக் கொடுத்த பிறகு சில வீடுகளில் மாலை நேரமே மாறிப்போனதாகப் பெற்றோர் சொன்னார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, பள்ளியின் பங்கைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய அநீதி. வீடு செய்வது துணைப்பணி. கற்பிக்கும் பொறுப்பு பள்ளியுடையது. பெற்றோரை அழைப்பதற்கு முன்பே, அந்தக் குழந்தைக்குச் சிறு குழுவில் கூடுதல் பயிற்சி தொடங்கியிருக்க வேண்டும். கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். கரும்பலகையே மங்கலாகத் தெரிந்த குழந்தையைக் கவனக்குறைவானவன் என்று திட்டிய வகுப்புகள் உண்டு. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாகப் படிக்கிறது என்பதுபோன்ற எளிய அளவீட்டை எடுத்து, அந்தத் தாளைப் பெற்றோரிடம் காட்ட வேண்டும். அப்போதும் முன்னேற்றம் இல்லையென்றால் சிறப்பாசிரியரின் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த, ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டம், அதை எழுதும் குழுவில் பெற்றோரையும் உறுப்பினராக வைத்திருக்கிறது. கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் கூப்பிடுவதற்கும், திட்டத்தை எழுதும்போதே கூட உட்கார வைப்பதற்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது.

பெற்றோர் கூட்டங்களையும் வேறு விதமாக நடத்த முடியும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்வியாளர் மரியா பரேடெஸ் 2009-இல் தொடங்கிய முறையில், ஆண்டுக்கு மூன்று முறை 75 நிமிடம் வகுப்புப் பெற்றோர் அனைவரும் கூடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தம் குழந்தையின் நிலை தாளில் காட்டப்படுகிறது. அடுத்த 60 நாளுக்கு ஓர் இலக்கை அவர்களே குறிக்கிறார்கள். ஆசிரியர் ஒரு பயிற்சியைச் செய்து காட்ட, பெற்றோர் தங்களுக்குள் அதைச் செய்து பழகிவிட்டு, அதற்கான பொருள்களோடு வீடு திரும்புகிறார்கள். தனியாகப் பேச 30 நிமிடம் வேறு உண்டு. வரிசையில் நின்று மூன்று நிமிடத்தில் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டுப் போகும் கூட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

வருகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு என்பது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. 180 வேலை நாள் கொண்ட ஆண்டில் அது சேர்ந்து 18 நாளானால், அது பத்தில் ஒரு பங்கு. ஆய்வாளர்கள் டாட் ராஜர்ஸும் அவி ஃபெல்லரும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 28,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை இதுவரை மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதைக் குறிப்பிட்டு அஞ்சலில் அனுப்பிய எளிய கடிதங்களே நாட்பட்ட விடுப்பை, அதாவது இப்படிப் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராமல் இருப்பதை, பத்து சதவீதம் அல்லது அதற்கு மேலும் குறைத்தன. அதிகம் விடுப்பெடுத்த குழந்தைகளின் பெற்றோர், அந்த நாள்களைப் பாதியாகவே கணக்கிட்டிருந்தார்கள். கண்டிப்பு தேவைப்படவில்லை, தகவல் போதுமானதாக இருந்தது.

இவை எல்லாம் எல்லா வீட்டிலும் பலித்துவிடுவதில்லை. என் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு தந்தை தன் மகளை அடித்த செய்தி, மறுநாள் அவள் முழங்கையில் இருந்த தடிப்பின் வழியாக எனக்குத் தெரிந்தது. அன்று எடுத்த முடிவு, குறையைச் சொல்லும் எந்தச் செய்தியையும் இனி குழந்தையின் பையில் போட்டு அனுப்புவதில்லை என்பது. அந்தத் தந்தையை நேரில் சந்தித்தேன். அவர் கொடியவர் அல்ல. தன்னையும் அப்படித்தான் படிக்க வைத்தார்கள் என்று உறுதியாக நம்பியவர். அடித்த வாரத்தில் அவள் சரியாகப் படித்த சொற்களின் எண்ணிக்கை குறைந்திருந்ததை அளவீட்டுத் தாளில் காட்டினேன். அவர் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பது நிற்கிறதா என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு எங்களுக்கு உண்டு என்பதையும் தலைமையாசிரியர் முன்னிலையில் அவரிடம் சொன்னோம். அரவணைப்பு என்ற பெயரில் அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட எங்களுக்கு உரிமை இல்லை.

கதை சொல்லும் சிறுவன் அந்த ஆண்டு முடிவில் வகுப்பின் நிலையை எட்டிவிடவில்லை. சிறப்பாசிரியரின் மதிப்பீட்டில் வாசிப்புக் குறைபாடு உறுதியானது, வாரத்துக்கு நான்கு நாள் தனிப் பயிற்சி தொடங்கியது, புள்ளிகள் கூடிக் கோடுகள் குறைந்தன, அவ்வளவுதான். ஆண்டு இறுதியில் அடுத்த வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கும் தாளில், வழக்கமாக மதிப்பெண்ணை எழுதும் முதல் வரியில், அவன் தாய் என்னிடம் சொன்ன மூன்று வாக்கியங்களை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். அதைப் படித்த புதிய ஆசிரியர், வகுப்பு தொடங்கிய முதல் நாளில் எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் ஒரு கதையைச் சொன்னார். சொல்லி முடித்ததும், அதைத் திருப்பிச் சொல்லும்படி அவனை எழுப்பினார்.